நாஷ்டாக்காவின் ஐந்து விரல்கள்

காஞ்சிபுரத்து அதிசயங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள். ஆனால் சொந்தக்காரியின் விரலுக்குத் திறக்காமல், தெருக்காரர்கள் விரலுக்கு மட்டும் திறக்கிற செல்போனை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் நாஷ்டாக்கா கடையில் அதை நான் பார்த்தேன். பார்த்த அதிர்ச்சியில், வாய்க்குப் போக வேண்டிய இட்லி சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அக்காவின் நிஜப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் இட்லி, பொங்கல், வடகறி விற்பதால் நாஷ்டாக்கா, அவ்வளவுதான். நான் அப்போதுதான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து அந்தத் தெருவில் அறை எடுத்திருந்தேன். "ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி, கோயிலில் கைகூப்பினாலும் அதுதான் வாயில் வந்தது.

அன்று அக்காவின் போன் 'டிங்' என்றது. அவருடைய இரண்டு கையிலும் மாவு. தலையைக்கூடத் திருப்பாமல் ஒரு குரல் கொடுத்தார்.

"யாராச்சும் விரல் வைங்கபா!"

பெஞ்சிலிருந்து அத்தர் விற்கும் பாய் எழுந்தார். ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையில் துடைத்து, போனில் வைத்தார். திறந்தது. "ஓரிக்கையிலருந்து ஆர்டர்மா. நாளைக்கு வளைகாப்பாம், இட்லி கொஞ்சம் சின்னதா வேணுமாம்" என்று படித்துச் சொல்லிவிட்டு, பொங்கலுக்குத் திரும்பினார். போனிலிருந்து அத்தர் வாசனை வந்துகொண்டிருந்தது.

என் இட்லி சட்டைப் பைக்குள் போனது அப்போதுதான். "அக்கா, உங்க போன்ல அவர் விரலா?"

"அவுரு மட்டும் இல்லபா. டெய்லர் ஜூலி, பால்காரரு, எதிர்வூட்டுத் தறிக்காரரு, எல்லாரு விரலும் இருக்குது. அஞ்சுக்கு மேல எடுக்காதாம். மீதி ஒண்ணு என்னுது."

"அதான் உங்களுது இருக்குதே!"

"எங்க தொறக்குது? விடிஞ்சதுலருந்து தண்ணியிலயும் மாவுலயும் ஊறிக்கினு இருக்குது. ஈரக் கையில நம்பர் அமுக்கினா ஒண்ணு கெடக்க ஒண்ணு அமுங்குது. நாலு வாட்டி தப்பாப் போட்டா அதுக்குக் கோவம் வேற வருது. அதுக்குள்ள ஆர்டர் அடுத்த கடைக்குப் பூடும்."

"அதுக்கு நீங்க பூட்டே போடாம விட்டுடலாமே!" என்றேன் எரிச்சலோடு.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாபா, பேங்க்ல வேலை செஞ்சிக்கினு இப்படிப் பேசுற? பூட்டு இல்லாம போன் வச்சிருப்பாங்களா? யார் வேணா தொறந்துடுவாங்களே!"

கடையில் இருந்த நான்கு விரல்களும் என்னைக் கவலையோடு பார்த்தன.

நான் விடவில்லை. பணம் அனுப்பும் செயலியும் இதே விரலுக்குத் திறக்குமே என்றேன். "தொறக்கட்டும். உள்ள வரவு எவ்ளோ கம்மின்னு பாய் பாத்தா பாவப்பட்டு இன்னொரு வடை வாங்குவாரு. ஆனா பணம் போவணும்னா வேற நம்பர் கேக்குது இல்ல? அது என் மண்டைக்குள்ள இருக்குது. அங்க எவன் வந்து விரல் வைப்பான்?"

போகப்போக அந்த நான்கு இடமும் தெருவின் பெரிய பதவிகள் ஆயின. ஒருநாள் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று ஜூலி சொல்லிவிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ஜூலியின் விரலை நீக்கினார். "ஜூலிக்கு விரல் போச்சாம்!" செய்தி தறிச் சத்தத்தையும் மீறித் தெருக்கோடி வரை போனது. விஷயம் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தே விட்டார். மறுவாரம் ஜூலி அக்காவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் விரல் திரும்பக் கிடைத்தது.

அந்தக் கூத்து அடங்கிய சில நாளில், அக்கா காய்ச்சலோடு கடை போட்டார். இட்லிப் பானை மூடியைத் திறந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நானும் பாயும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் என்னென்னவோ கேட்டார். வயது என்ன, வேறு வியாதி உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? எனக்கு அக்காவின் பெயரே தெரியாது.

பாய் கையோடு கொண்டுவந்திருந்த அக்காவின் போனை எடுத்து விரலை வைத்தார். வியர்வையில் போன் திறக்கவில்லை. சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திறந்தது. வேலூரில் இருந்த மகளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். ஊசியோடு நர்ஸ் வருவதற்கும் போனில் மகள் அலறுவதற்கும் சரியாக இருந்தது. "அம்மாவுக்கு பென்சிலின் ஆவாது! போன தடவ உயிர் போய் வந்துச்சு!"

நர்ஸ் அப்படியே நின்றார். டாக்டர் மருந்தை மாற்றச் சொன்னார். பிறகு பாய் பக்கம் திரும்பி, "நீங்க யாரு, சொந்தமா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்" என்றார் பாய் பணிவாக. "ரெண்டாவது விரல்."

டாக்டர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆனால் அறைக்கு வந்ததும் என் முகம்தான் இன்னும் மோசமாகப் போனது. என் போனில் விரல், எண், அதற்குள் செயலிக்குச் செயலி தனிப் பூட்டு. நான் தெருவில் விழுந்தால், யாரைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. பூட்டைத் திறக்காமலே கூப்பிடும்படி என் அண்ணன் நம்பரை அன்றே அவசர அழைப்பில் போட்டு வைத்தேன்.

போன மழைக்காலத்தில் பாய் காலமானார். மாரடைப்பு. அந்த வாரம் முழுக்க 'டிங்' கேட்டால் கடையில் ஒருவரும் எழவில்லை.

ஒருநாள் ஜூலிதான் மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, பாயோட எடத்தை பேங்க் தம்பிக்குக் குடுத்துடலாமே. தெனம் வந்துக்கினுதான இருக்குது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்து, எண்ணைத் தட்டி, விரல் பெயர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். ஐந்து பெயர்கள். 'பாய்' என்பதன் மேல் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, 'நான்' என்று இருந்ததை அழித்தார்.

"ஐயோ அக்கா, உங்க விரலை எடுத்துட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"அது என்னிக்கிபா தொறந்துச்சு?" என்றவர், போனை என் பக்கம் நீட்டினார். "வை. எடுத்து எடுத்து வைக்கணும், அவசரப்படாத."

வங்கியில் கற்ற பாடம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வைத்தேன்.