பீரோவுக்கு வைத்த குறி

தை முடிவதற்குள் வேனை ஓட வைத்தே தீருவது என்று பால்பாண்டி சபதம் எடுத்தபோது அவர் கையில் தோசைக் கரண்டி இருந்தது. ஞானசெல்வி குளித்துவிட்டு வருவதற்குள் தோசையைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தாள். சபதம் உறுதியானது. தோசை கருகியது.

பால்பாண்டி வைகை அணையில் மதகுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் சக்கரத்தைச் சுற்றினால் மதுரை வரைக்கும் தண்ணீர் போகும். இப்போது சின்னமனூரில் சொந்த வீட்டுக் குழாயைத் திறப்பதற்கும் அடுப்படிப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

சும்மா இருக்க முடியாமல் ஊரில் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தார். கைகால் சரியாக வராத பிள்ளைகளுக்கென்று சிலர் சேர்ந்து நடத்தும் ‘பொன்வண்டு’ பகல் இல்லத்துக்கு அவர்தான் செயலாளர். பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, பாட்டு உண்டு. அவர்களை ஏற்றி வர ஒரு பழைய வேன் இருந்தது. தீபாவளி மழையில் அதன் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது.

மேகமலை எஸ்டேட்டிலிருந்து முருகம்மாள் தன் மகள் கயலைக் கூட்டி வருவாள். வேன் மலையடிவாரம் வரை போய் இருவரையும் ஏற்றிக்கொள்ளும். வேன் நின்ற பிறகு முருகம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கயல் வளர்ந்த பிள்ளை. அவள் கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கொஞ்ச நாளில், “இடுப்பு ஒத்துக்கிற மாட்டேங்குது சார், வேன் வரட்டும், வாரோம்” என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை. அந்தக் கால்கள்தான் பால்பாண்டியைத் தோசைக் கரண்டியோடு சபதம் எடுக்க வைத்தன.

முதல் முயற்சி மார்கழியில் நடந்தது. குமுளிக்குப் போகிற ரோடு முழுக்க ஐயப்ப சாமிமார் வண்டிகள். ஓரமாகப் பந்தல் போட்டு, ஏலக்காய் டீ வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியலும் வைத்தார். சாமிமார் “எவ்வளவு சாமி?” என்று கேட்டார்கள். பால்பாண்டிக்குக் கூச்சம். “உங்க இஷ்டம் சாமி” என்றார். அவர்களும் இஷ்டம்போல் குடித்துவிட்டு, “சாமி சரணம்” என்று மனசார வாழ்த்திவிட்டு மலையேறினார்கள். உண்டியலைத் திறந்தால் கொஞ்சம் சில்லறையும் ஒரு கேரளா லாட்டரிச் சீட்டும் கிடந்தன. சீட்டு, குலுக்கல் முடிந்த சீட்டு.

“டீ போட்டது நானு. பாலு நம்ம வீட்டுப் பாலு. ஏலக்கா நம்ம வீட்டு ஏலக்கா. இப்ப யாருகிட்ட நிதி தெரட்டுனீக?” என்றாள் ஞானசெல்வி.

“புண்ணியம் சேந்துச்சுல்ல.”

“அத ஊத்துனா வேன் ஓடுமா?”

பால்பாண்டி இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பொங்கலுக்கு வீடு வீடாக வெள்ளையடிப்பார்கள். பரணில் கிடப்பதெல்லாம் வாசலுக்கு வரும். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு எடுத்துப் போவார். அதையெல்லாம் இல்லத்துக்கு வாங்கி, பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு அன்றைக்கு ஊர் கூட்டி விற்றால்?

“செல்வி, ஏலம் விடப் போறேன்.”

“டீயில விட்டது பத்தாதா?”

“அது ஏலக்கா. இது ஏலம். பழைய சாமான் ஏலம்.”

அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “இது கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

பால்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாயால் இப்படிக் கேட்டு எத்தனையோ வருசம். அந்தச் சந்தோசத்தில்தான் அவருக்கு இன்னொரு யோசனையும் வந்தது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

அவர்கள் படுக்கையறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ நின்றது. ஞானசெல்வியின் அண்ணன் கோம்பையிலிருந்து டிராக்டரில் ஏற்றி வந்து இறக்கிய சீர். அணைக் குவாட்டர்ஸில் நின்றது, பிறகு சொந்த வீட்டிலும் வந்து நின்றது. சன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தால் யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி கத்தும். அதை மட்டும் நகர்த்திவிட்டால் அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படிக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பால்பாண்டி மனசுக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே சொன்னதில்லை. சீர் பீரோவைப் பற்றிப் பேச எந்த மதகுக்காரனுக்குத் துணிச்சல் வரும்?

“செயலாளர் வீட்டுல இருந்துதான் மொதச் சாமான் போகணும். அப்பத்தான் ஊரு குடுக்கும்” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“நியாயந்தான். குடுப்போம்.”

“பெருசாக் குடுக்கணும்.”

“பெருசாவே குடுப்போம்.”

“துருப்பிடிச்சிருந்தாலும் பரவால்ல.”

“சரி.”

“நெனச்சுப் பாரு செல்வி. எடத்த அடைச்சுக்கிட்டு, யாருக்கும் ஒதவாம, தொட்டாக் கத்திக்கிட்டு...”

“நீங்க எதச் சொல்றீகன்னு புரியிது” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “எனக்கும் அத வெளிய தள்ளணும்னு ரொம்ப நாளா நெனப்புத்தான். உங்க மனசு சங்கடப்படும்னு பேசாம இருந்தேன்.”

“எனக்கென்ன சங்கடம்?” என்றார் பால்பாண்டி. துள்ளிக் குதிக்காமல் இருக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பக் கமிட்டியில எல்லாருக்கும் முன்னால சொல்லிருங்க. எங்க வீட்டுலருந்து செல்வி எதக் குடுத்தாலும் ஏலத்துக்குத்தான், திரும்பக் கேக்க மாட்டேன்னு. பெறகு மாத்திப் பேசக் கூடாது.”

அவர் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். கமிட்டி கை தட்டியது.

அடுத்த சில நாட்கள் ஞானசெல்வி வீட்டில் தங்கவில்லை. பக்கத்து வீட்டு மலையம்மாளைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போனாள் என்பதைப் பால்பாண்டி கவனிக்கவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்: “சாமானச் சும்மா தூக்கிக் காட்டுனா யாரு வாங்குவா? அதுக்கு ஒரு கத இருக்கும்ல. குடுக்குறவுக மேடையில நின்னு அதச் சொல்லட்டும்.” மறுநாள் பால்பாண்டி அதைத் தன் சொந்த யோசனையாகக் கமிட்டியில் வைத்தார். மறுபடியும் கை தட்டினார்கள்.

காப்புக்கட்டு வந்தது. வாசலெல்லாம் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சொருகியாயிற்று. இல்லத்து முற்றத்தில் சாமியானாவுக்கு அடியில் ஊர் கூடியது. சாமான்கள் பழைய சேலைகளால் மூடியிருந்தன. ஏலம் விட, வாழைக்காய் மண்டியில் ஏலம் சொல்கிற சுருளியாண்டி வந்திருந்தார். அவர் மூச்சு விடாமல் பேசுகிறவர். பூவன் தாருக்குப் பேசுகிற வேகத்திலேயே எதற்கும் பேசுவார்.

விடியுமுன்பே சாமியானா போட வந்துவிட்ட பால்பாண்டி முன்வரிசையில் உட்கார்ந்து, சேலை போர்த்திய உருவங்களில் பீரோ எது என்று தேடினார். அவ்வளவு உயரமாக ஒன்றும் தெரியவில்லை. படுக்க வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதல் சாமானுக்கு மலையம்மாள் மேடையேறினாள். அவள் கையில் வெண்கல மணி கோத்த ஒரு தோல் பட்டை இருந்தது.

“இது எங்க வீட்டுச் செவலைக்குக் கட்டியிருந்தது. கோம்பை நாயி. அது இருந்த வரைக்கும் எங்க தோட்டத்துல ஒரு குலை திராட்ச களவு போனதில்ல. இவுக கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்தா அதுவும் சாப்பிடாது. நான் சாப்பிட்டிருவேன், அது சாப்பிடாது” என்றாள்.

சிரிப்புக்கு நடுவே அவள் வீட்டுக்காரர் தங்கபாண்டி எழுந்து நின்றார். “ஏத்தா, அது ஆணியிலல்ல தொங்குச்சு? அத எதுக்கு எடுத்தே?” என்றார். சுருளியாண்டி விலை கேட்டார். தங்கபாண்டி கேட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் விலையைக் கூட்டிக் கேட்டது. தங்கபாண்டி அதற்கு மேலே போனார். கடைசியில் ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுக்கிற தொகைக்குத் தன் நாய்ப்பட்டையைத் தானே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஒரு தடவை கிணுங்கியது.

பால்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏலே தங்கபாண்டி, உன் சாமான உனக்கே வித்துட்டாகளேடா.”

அடுத்து ஞானசெல்வி மேடையேறினாள். சேலையை விலக்கினாள்.

மொபட்டு.

பால்பாண்டியின் சிரிப்பு நின்றது. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில், கோழி முட்டையிடும் கூடைக்குப் பக்கத்தில், கோணிச்சாக்கு போர்த்திக்கொண்டு இருந்த அவருடைய மொபட்டு. முதல் சம்பளங்களைச் சேர்த்து ஆண்டிபட்டியில் இரண்டாம் கையாக வாங்கியது. ஓடி எத்தனையோ வருசம் ஆயிற்று. ஆனாலும் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்குச் சந்தனம் வைப்பார். துரு உண்டு. இடத்தை அடைத்துக்கொண்டுதான் நின்றது. ஹாரன் தொட்டால் கத்தும். அவர் சொன்ன அடையாளம் எதுவும் தப்பவில்லை.

“கல்யாணமான புதுசுல அணைக் குவாட்டர்ஸ்ல இருந்தோம்” என்று ஞானசெல்வி ஆரம்பித்தாள். “ஞாயித்துக்கெழம ஆண்டிபட்டிக்குப் படத்துக்குப் போவோம். இந்த வண்டி எறக்கத்துல ரெண்டு பேரச் சொமக்கும். மேட்டுல ஒருத்தரத்தான் சொமக்கும். மேடு வந்தா நான் எறங்கி நடப்பேன். இவுக பெடல மிதிச்சுக்கிட்டே கூட வருவாக. பாதிப் படத்துக்கு நான் நடந்தே போயிருக்கேன்.”

ஊர் சிரித்தது. பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு நா மேட்டுல எறங்குனேன். இவுக கவனிக்கல. நான் பின்னால இருக்கேன்னு நெனச்சுப் பேசிக்கிட்டே போயிட்டாக. நான் கத்துறேன், காத்துல கேக்கல. நேரா தேட்டருக்குப் போயி, ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டுத் திரும்பிப் பாத்திருக்காக. பொண்டாட்டியக் காணோம்.”

சுருளியாண்டியே சிரித்து, மைக்கைக் கை மாற்றினார். ஞானசெல்வி சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

“நான் பாலத்துக் கட்டையில உக்காந்து கொய்யாப்பழம் தின்னுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு இந்த மனுசன ஒரு வழி பண்ணணும்னு இருந்தேன். வந்து எறங்குனாக. கையில ரெண்டு டிக்கெட்டு. மூஞ்சி செத்துப் போச்சு. ‘நீ பேசலையே, கோவமா இருக்கேன்னு நெனச்சேன், அதான் சமாதானம் பேசிக்கிட்டே போனேன்’னு சொன்னாக. அது வரைக்கும் எங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு, அம்புட்டுத்தான். அன்னைக்குத்தான் இவுகள எனக்குப் புடிச்சுப் போச்சு.”

அவள் இறங்கி வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

பால்பாண்டிக்கு அந்தப் பாலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மானாவாரிக் காட்டுக்கு மேலே வெயில் சாய்ந்திருந்தது. அவள் தாவணி மாதிரி இழுத்துச் செருகியிருந்த மஞ்சள் சேலை. பாதி தின்ற கொய்யாவை ஒன்றும் சொல்லாமல் அவரிடம் நீட்டியது. படத்துக்குப் போகவில்லை. அணைக்கே திரும்பி வந்து, பூங்காவுக்கு வெளியே பொரித்த மீன் வாங்கித் தின்றார்கள். அதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் அவருக்கு இதுவரை தெரியாது.

“கேளுங்க, கேளுங்க” என்றார் சுருளியாண்டி.

பழைய இரும்புக் கடை மதன்குமார் கை தூக்கினார். “ஐநூறு.”

“ஆயிரம்” என்றார் பால்பாண்டி. எழுந்து நின்றது அவருக்கே தெரியாது.

மதன்குமார் ஏற்றினார். பால்பாண்டி ஏற்றினார். மதன்குமார் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். “பிரிச்சா நல்ல எடை தேறும்” என்று முணுமுணுத்தார். பிரிச்சா என்ற சொல் பால்பாண்டியின் நெஞ்சில் ஸ்பானர் மாதிரி விழுந்தது. ஒரேயடியாக ஏற்றினார். பெண்கள் பக்கத்தில் ஞானசெல்வி தலைமுடியை அவிழ்த்து முடிந்தாள். மதன்குமார் உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“ஒரு தரம்” என்றார் சுருளியாண்டி.

பால்பாண்டி இன்னும் ஏற்றினார்.

“சார், போன கேள்வியும் நீங்கதான்.”

“இருக்கட்டும். ஏத்திப் போடுங்க.”

அதன் பிறகு மூடியிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக விலகின. கேரம் போர்டு, கபடிக் கோப்பை, கல்யாணத்தில் போட்ட கோட்டு. எல்லாமே புருசன்மார் சாமான்கள். கதை சொன்னதெல்லாம் பொண்டாட்டிமார். வாங்கியதெல்லாம் அவரவர் புருசன்மார். வேனுக்கு வேண்டியது மதியத்துக்குள் சேர்ந்துவிட்டது. ஊரே பால்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கியது. இப்படி ஒரு யோசனை யாருக்கு வரும் என்று மெச்சியது. அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

பொங்கல் கழிந்து வேன் ஓடியது. முதல் நாள் அடிவாரத்துக்கு அவரே போனார். முருகம்மாள் மகளை இடுப்பிலிருந்து இறக்கி இருக்கையில் வைத்தாள். கயல் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, பின்னால் ஓடுகிற தென்னைகளைப் பார்த்து ஊர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். பால்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து மொபட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஞானசெல்வி டீ கொண்டு வந்தாள்.

“செல்வி, ஒண்ணு கேக்குறேன். மதன்குமாரு எடுத்திருந்தா வண்டியப் பிரிச்சிருப்பான்ல?”

“அவன் எப்பிடி எடுப்பான்? நான் தலை முடிஞ்சா உக்காந்துரணும்னு சொல்லித்தான் கேக்கவே விட்டேன்.”

பால்பாண்டி டீயை வாங்கிக்கொண்டார். “சரி. நான் கேக்காமப் போயிருந்தா?”

“கேக்காம எப்பிடி இருப்பீக?” என்றாள் அவள், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டே. கைப்பிடியில் ஒட்டியிருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். “நல்லாத் தொடச்சு வைங்க. அடுத்த வருச ஏலத்துக்கும் நம்ம வீட்டுச் சாமான் இதுதான். காப்புக்கட்டுக்கு முந்துன நாளே, நீங்க இல்லாதப்பக் கமிட்டியில முடிவு பண்ணியாச்சு.”