டபராவில் ஆத்திய பீர்

பெயர்ப் பலகையை மூடியிருந்த கோணியைச் சுந்தரராமன் ஒரே ஒரு விரலால்தான் தூக்கினார். அதற்குள் பெயிண்டர் அக்பர் பாஷா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"இன்னா சார், ஈரம் காயல. கைய வச்சா எழுத்து உங்க கூடவே வந்துடும்."

"சும்மாத்தான் பார்த்தேன். மேனேஜர்னு போட்டிருக்கே, கீழே யார் பேர்?"

"தொறப்பு விழா வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மொதலாளி ஆர்டரு. ஒண்ணு மட்டும் சொல்றேன். பேரு நீளம். பலகைல எடம் பத்தாம நசுக்கி நசுக்கி எழுதிகினுகீறேன்."

சுந்தரராமன் கோணியைப் பழையபடி இறக்கிவிட்டார். நீளமான பேர். வேறு யார், வெள்ளைத்துரைதான். அந்தப் பெயரை மனசுக்குள் ஒருதரம் எழுதிப் பார்த்தார். கொம்பும் கொக்கியுமாக அது தேனாம்பேட்டையில் ஆரம்பித்து நந்தனம் வரைக்கும் போயிற்று.

மதுவிலக்கை எடுத்துவிட்ட வருஷம் அது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நல்லசிவம், தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைப் பார்த்தாற்போல ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார். மாடியில் அறைகள், கீழே பீர் ரூம். நல்லசிவம் டீயையே பாவம் மாதிரி அரை கிளாஸ் குடிக்கிறவர். பீர் ரூம் எதற்கு என்று கேட்டவர்களிடம், "சேலையும்தான் விக்கேன். கட்டியா பாக்கேன்?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

ஜவுளிக்கடை ஆட்களில் ஒருத்தர் அங்கே மேனேஜராகப் போகப்போகிறார் என்பது ஊரறிந்த விஷயம். சுழல் நாற்காலி ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. சுந்தரராமன் அதில் ஒருதரம், யாரும் பார்க்காதபோது, உட்கார்ந்து சுற்றியும் பார்த்துவிட்டார். ஜவுளிக்கடைக் கல்லாவில் மர ஸ்டூலில் உட்கார்ந்தே இடுப்பு தேய்ந்துபோன மனுஷர். அந்த நாற்காலி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலவே இருந்தது அவருக்கு.

குறுக்கே நின்றது வெள்ளைத்துரை.

வெள்ளைத்துரை கடையின் கொள்முதல் ஆள். பட்டு வாங்கப் பெங்களூர் போவார். போன இடத்தில் பீர் குடிப்பார். வந்து அதைச் சொல்லுவார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கடையே அவரைச் சுற்றி உட்காரும். அதற்கு முன்னால் அந்த வேளை சுந்தரராமனுடையது. மயிலாப்பூர்க் கச்சேரிகளை அவர் தயிர் சாதத்தோடு பரிமாறுவார். இப்போது டைப்பிஸ்ட் வேம்புவே, "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ, வெள்ளைத்துரை நுரையைப் பத்திச் சொல்றார், மறைக்கறது" என்று சொல்லுகிற நிலைமை.

நுரையைப் பார்க்க என்ன மறைக்கும் என்று சுந்தரராமன் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்தார்.

அந்த வெள்ளைத்துரையைத்தான், மூன்று ஊர் பீர் ஆலைகளுக்கும் போய் ருசி பார்த்து எந்தப் பீரை வாங்குவது என்று முடிவு செய்ய, முதலாளி அனுப்பப் போகிறாராம். ரயிலில் முதல் வகுப்பு. பீரைத் தேர்ந்தெடுக்கிறவன்தானே நாளைக்கு பீர் ரூமுக்கு மேனேஜர்? இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? சுந்தரராமன் நேரே முதலாளி அறைக்குள் போனார். பொறாமை வந்தால் நானும் இப்படித்தான், கதவைத் தட்ட மறந்துவிடுவேன்.

"பீர் பார்க்க வெள்ளைத்துரையை அனுப்பறதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமா சாமி. பெங்களூரு, ஹைதராபாத்து, கோவா. குடிச்சுப் பாத்து வந்து சொல்லணும்லா. அவன் நாக்குக்குத் தெரியும்."

"என் நாக்குக்கும் தெரியும்."

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்லுதிய?"

"எனக்கும் பழக்கம் உண்டு."

"பீரா?"

"பீர்தான்." முதலாளியின் முகத்தில் போதுமான மரியாதை தெரியவில்லை. "தினமும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"எத்தன காலமா?"

வெள்ளைத்துரைக்கு அனுபவம் ஏழு வருஷம் என்பது சுந்தரராமனுக்குத் தெரியும். "பதினஞ்சு வருஷமா."

நல்லசிவம் விரலை மடக்கி எண்ணினார். "அப்பம்லாம் மதுவிலக்கு இருந்துச்சே."

"இருந்தது. ஒளிச்சுண்டு குடிச்சேன்."

"வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஒளிச்சுண்டுன்னு சொன்னேனே."

"கல்லாவுல இருக்கையிலுமா?"

"இத்தனை வருஷத்துல யாராவது கண்டுபிடிச்சாளா?" என்றார் சுந்தரராமன் பெருமையாக. "அதுதான் அனுபவங்கறது. கணக்குல ஒரு நயா பைசா உதைச்சதில்லை."

நல்லசிவம் சுவரிலிருந்த திருச்செந்தூர் முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி. நீங்களே போயிட்டு வாங்க."

சுந்தரராமன் வாழ்நாளில் ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இருமல் மருந்துக்கே அவருக்குத் தலை சுற்றும்.

வீட்டில் பட்டுக் கொள்முதல் என்று சொன்னார்.

"ஏன்னா, புடவை வாங்க நீங்க எதுக்கு?" என்றாள் மனைவி நீரஜா. "உங்களுக்குக் கொசுவம் எது, முந்தானை எதுன்னு தெரியாதே."

"முதலாளிக்கு என் மேலே நம்பிக்கை."

"புடவை விஷயத்துல உங்களை நம்பினா அவர் கடையை மூட வேண்டியதுதான்."

சொன்னாளே தவிர, அக்கறையாகப் பெட்டி அடுக்கினாள். அவருடைய எவர்சில்வர் டம்ளரையும் டபராவையும் துண்டில் சுற்றி வைத்தாள். "கண்டவா எச்சில் டம்ளர்ல வாய் வைக்காதேங்கோ." ஒரு பொட்டலம் சர்க்கரையும் வைத்தாள். "வெளியூர்க் காபி கசக்கும். ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டுக்கோங்கோ."

சென்ட்ரலில் ரயில் கிளம்பும் நேரத்துக்கு வெள்ளைத்துரை மூச்சிரைக்க ஓடி வந்து ஜன்னல் வழியாக ஒரு பை கடலையை நீட்டினார்.

"வெறும் வயித்துல குடிக்காதிய சாமி. ஒங்களுக்கும் பழக்கம் உண்டுன்னு சொல்லாமலே இருந்துட்டியளே. தெரிஞ்சா சேர்ந்தே பேசியிருக்கலாம். கிளாஸச் சாய்ச்சுப் பிடிச்சு..."

"எனக்கேவா?" என்று சுந்தரராமன் ஜன்னலை இறக்கிவிட்டார். வயிற்றெரிச்சல் பிடித்த பயல், வழியனுப்ப வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

பெங்களூர் ஆலையில் ஒரு மெல்லிய மீசைக்கார அதிகாரி, சில்லென்று வேர்த்த கண்ணாடிக் கிளாஸை முன்னால் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கிளாஸில் எத்தனை பேர் வாய் வைத்தார்களோ என்ற நினைப்பு வந்ததும், சுந்தரராமன் அதை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் விட்டார்.

பீர் வாய்க்குப் போயிற்று. நுரை மூக்குக்குப் போயிற்று. அடுத்து வந்த தும்மலில் இரண்டும் அதிகாரியின் மீசைக்குப் போயின.

"மன்னிக்கணும். எங்காத்து வழக்கம் வேற" என்று டம்ளர் டபராவை எடுத்தார். பீரை டம்ளரில் விட்டார். பிறகு பழக்கதோஷம், கை தானாகவே உயர்ந்தது. டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு, ஒரு முழ நீளத்துக்கு.

"சார், என்ன செய்யறீங்க?"

"ஆத்தறேன்."

ஆற்ற ஆற்ற நுரை வளர்ந்தது. டபரா நிறைந்தது, மேசை நிறைந்தது, அதிகாரியின் மடி நிறைந்தது. கடைசியில் அடியில் இரண்டு கரண்டி தேறியது. சுந்தரராமன் அதைக் குடித்தார். உயிரே கசந்தது.

"டிகாக்ஷன் பழசு" என்றார்.

அன்று சாயங்காலம் முதலாளிக்குத் தந்தி அடித்தார். இங்கே வெள்ளைத்துரை வந்திருந்தால் என்ன எழுதுவான் என்று யோசித்து, அதற்குமேல் ஒரு படி போக வேண்டும் என்று எழுதினார்: பெங்களூர் போதவில்லை. இன்னும் குடிக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் அவர் ஆற்றவில்லை. ஆற்றியதுதான் தப்பு என்பது புரிந்திருந்தது. கசப்புக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும். அதிகாரி ஃபைலை எடுக்கத் திரும்பிய சமயம், சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, தாராளமாகவே சர்க்கரையைப் போட்டார்.

கிளாஸ் ஒரு கணம் யோசித்தது. பிறகு பொங்கியது. தை மாசத்தில்கூட அவர் வீட்டில் அப்படிப் பொங்கியதில்லை. அடக்க வேண்டுமே என்று அவர் கிளாஸின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். அது விரலிடுக்கு வழியாக அதிகாரியின் டையைக் குறி பார்த்துப் பாய்ந்தது.

"இங்கே பீர் ரொம்ப வேகம்" என்றார் சுந்தரராமன், கைக்குட்டையை நீட்டியபடி.

"நீங்கள் எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?"

"பதினஞ்சு."

"பயமாக இருக்கிறது" என்றார் அதிகாரி.

அன்றைக்குத் தந்தி: ஹைதராபாத் சரக்கு மோசம். சட்டையெல்லாம் பீர். கோவாவில் ஒரு கை பார்க்கிறேன்.

கோவாவில் ஆலை சின்னது. வீட்டுக்குப் பின்னால் வைத்த பட்டறை மாதிரி. கவுன் போட்ட ஒரு தடித்த அம்மாள்தான் நடத்தினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. சுந்தரராமன் சைகையாக டம்ளரை நீட்டினார். அவள் அதைத் தள்ளிவிட்டு, ஒரு கிளாஸை நன்றாகக் கழுவி, சாய்த்துப் பிடித்து, மெதுவாக, ஓரமாக ஊற்றினாள். மேலே ஒரு விரல்கடைக்கு நுரை, மல்லிகைப்பூ கொட்டிவைத்தாற்போல.

கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு. ஜன்னலை இறக்கியபோது வெளியே மாட்டிக்கொண்ட வாக்கியம் இப்போது முழுசாகக் காதில் விழுந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் மாதிரி ஒரு மடக்கு குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. மூக்கை விட்டுவிட்டு இன்னொரு மடக்கு. அம்மாள் வறுத்த முந்திரியை நகர்த்தி வைத்தாள். மூன்றாவது மடக்கில் கடல் காற்று வந்தது. கசப்பு எங்கேயோ ஒதுங்கிப்போய், அடியில் லேசான இனிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. சுந்தரராமனுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தால் அல்ல. ஏழு வருஷமாக இதை அந்த வெள்ளைத்துரை மட்டும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த ஏழு வருஷத்தையும் ஒரே சாயங்காலத்தில் ஈடுகட்ட முயன்றதில், தந்தி ஆபீசில் அவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கோவா பிரமாதம். எழுந்திருக்க முடியவில்லை. விவரம் நேரில்.

சென்ட்ரலில் இறங்கினவர் மயிலாப்பூருக்குப் போகவில்லை. டாக்ஸி பிடித்து நேரே தேனாம்பேட்டைக்குப் போனார். அன்றைக்குத் திறப்பு விழா. வாசலில் வாழை மரம், சீரியல் பல்பு, ரோஜா மாலை. துண்டில் சுற்றிய ஒரு கோவா பாட்டிலைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

நல்லசிவம் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோவாவே வாங்கிப்புடுவோம். நல்ல காரியம் செஞ்சிய. ஒடம்பு தேவலையா? தந்தியப் பாத்துப் பயந்துட்டோம்." குரல் என்னவோ கனிவாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி.

சுந்தரராமன் மேனேஜர் அறைக் கதவைத் திறந்தார். சுழல் நாற்காலியில் வெள்ளைத்துரை, நெற்றியில் திருநீறும் புதுச் சட்டையுமாக. அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்க சாமி, வாங்க. நீங்க இதுல உக்காருங்க. நான் நின்னுக்கிடுதேன்."

நாற்காலி, ஆள் எழுந்த வேகத்தில், தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுந்தரராமன் உட்காரவில்லை. சட்டைப் பையில் மிச்சமிருந்த கடலையை மேசை மேல் வைத்தார். "நீங்க கொடுத்ததுதான். நன்னா இருந்தது" என்றார். வெளியே வந்துவிட்டார்.

வாசலில் பலகை மினுமினுத்தது. மேனேஜர்: வெள்ளைத்துரை. ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார் அக்பர் பாஷா. தோற்றவனுக்கு மிஞ்சுவது, எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லிக்கொள்வது ஒன்றுதான். அதையாவது விடுவானேன் என்று சுந்தரராமன் கிட்டே போனார்.

"நீங்க பேர் நீளம்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும் பாய், இவன்தான்னு."

அக்பர் பாஷா பலகையை ஒருதரம் பார்த்தார், அவரை ஒருதரம் பார்த்தார்.

"இது எங்க சார் நீளம், அன்னிக்கு எழுதுனது இனிஷியலோட உங்க முழுப் பேரு, பீர் ரூமுக்குக் குடிக்காத ஆளுதான் வோணும்னு மொதலாளி எழுதச் சொன்னாரு, நீங்க அவர் ரூமுக்குப் போய்ட்டு வந்தீங்க பாரு, அன்னிக்கே சுரண்டச் சொல்ட்டாரு, ஒளிச்சுக் குடிக்கிறவருக்குச் சொல்லிட்டுக் குடிக்கிறவனே தேவலைன்னு."