காயப்பட்டோர் இருக்கை

டெல்பர்ன் கவுன்ட்டியின் நாய் உரிமப் பிரிவில் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் பன்னிரண்டு ஊழியர்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் ஒரு கால்பந்து அணி. ஒருவருக்கும் ஓட வராது. பிரிவுத் தலைவர் வெண்டெல் கிரெப்ஸுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஓடுவதற்கென்று எங்கோ பெரிய மைதானங்களில் நிஜ ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆகஸ்டு மாதம் அவர்களுடைய பெயர்களை இவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விழுந்து புரண்டு எடுக்கிற புள்ளிகள் திங்கட்கிழமை இவர்களுடைய சாதனையாகிவிடும்.

இந்தப் போட்டிக்கு ஆணையரும் கிரெப்ஸ்தான். நாய் உரிமச் சட்டம் நான்கு பக்கம். போட்டிக்கு அவர் எழுதிய சட்டம் முப்பத்தொரு பக்கம். அதில் ஒன்பதாம் விதி என்றால் அவருக்கு உயிர். அதுதான் காயப்பட்டோர் இருக்கை. ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டால் அவனைக் கைவிட வேண்டாம். அந்தத் தனி இருக்கையில் உட்கார்த்திவிட்டு, அவன் இடத்தில் வேறொருவனை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கு உடம்பு சரியாகித் தொலைத்தால் ஆபத்து. அணியில் ஓர் ஆள் கூடிவிடும். யாராவது ஒருவனைக் கழற்றிவிடும் வரை அணி பூட்டப்பட்டுக் கிடக்கும்.

செப்டம்பரில் ஐந்தாம் நாற்காலி லோர்னா ஹெக்மனுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாற்காலி மில்ஃபர்ட் ஸ்டக்கி, கோழியும் நூடுல்ஸும் சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். கிரெப்ஸ் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்.

எட்டு வாரம் கழித்து லோர்னா வேலைக்குத் திரும்பினாள். ஐந்தாம் நாற்காலியில் கிரெப்ஸின் மைத்துனன் டக்கர் உட்கார்ந்து டோநட் தின்றுகொண்டிருந்தான்.

"சார், இது என் நாற்காலி."

"யார் இல்லைன்னது? உன்னைத்தான் காயப்பட்டோர் இருக்கையில போட்டிருக்கேனே. சுற்றறிக்கையைப் படிக்கலையா?"

"எனக்கு என்ன காயம்? குழந்தை பெத்தேன்."

"தையல் போட்டாங்களா, இல்லையா?"

லோர்னாவுக்கு முகம் சிவந்தது.

"அப்போ காயம்தான். இது மரியாதைம்மா. வேண்டாதவங்களைத் தூக்கிப் போட்டுடுவோம். வேணுங்கிறவங்களைத்தான் இதுல வைப்போம்."

"சம்பளம்?"

"மரியாதை வேற, சம்பளம் வேற."

"குழந்தைக்கு மூச்சு இரைக்குது சார். நாற்காலி போனா அவன் மருத்துவக் காப்பீடும் போயிடும். நான் நல்லா இருக்கேன். இதோ டாக்டர் கடிதம்."

கிரெப்ஸ் பதறிப்போனார். "ஐயோ, சத்தமா சொல்லாதே!"

அதற்குள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. ஒன்பதாம் விதியின்படி அந்த நிமிடமே நாய் உரிமப் பிரிவு பூட்டப்பட்டது. கதவு திறந்தேதான் இருந்தது. ஊழியர்களும் உள்ளேதான் இருந்தார்கள். வேலை மட்டும் பூட்டப்பட்டது.

"என் நாய்க்குக் கழுத்துல மாட்டுற உரிம வில்லை வேணும்" என்று ஒரு பெண் வந்து நின்றாள்.

"இப்போ தர முடியாதும்மா. இங்க ஓர் ஆள் கூடுதலா இருக்கோம்" என்றார் ஸ்டக்கி வருத்தத்தோடு.

"ஆள் கூடுதலா இருந்தா வேலை சீக்கிரம் முடியணுமே!"

"அதுதாம்மா முறைகேடு."

வெள்ளிக்கிழமைக்குள் தாழ்வாரத்தில் நாற்பது நாய்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று, ஒன்பதாம் விதி ஒட்டியிருந்த சுவரில் காலைத் தூக்கித் தன் கருத்தைப் பதிவு செய்தது. அன்று மாலையே கிரெப்ஸ் ஆணை பிறப்பித்தார்: 'இவ்வார ஆட்டங்களின் முடிவில் மேற்படி போட்டியில் ஆகக் குறைந்த புள்ளிகள் பெறும் ஊழியர், திங்கள் முற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.'

இது நியாயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வியாழன் இரவே நடந்துவிட்ட ஓர் ஆட்டமும் கணக்கில் சேருமா என்றுதான் கேட்டார்கள். டக்கருக்கு அணியே கிடையாது. அணி இல்லாதவர் கடைசியாக வர வழியில்லை என்பதால் அவனுக்கு விலக்கு.

ஞாயிறு பகல் பன்னிரண்டரை. லோர்னா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் மூச்சை எண்ணியபடியே தொலைபேசியைப் பார்த்தாள். அவள் அணியில் உருப்படியான ஆள் ஒரே ஒருவன், கார்வெல் ஓகில்வி. அவனைப் பற்றித்தான் செய்தி வந்திருந்தது. 'ஓகில்வி இன்று ஆடமாட்டார். மனைவிக்குப் பிரசவ வலி. உடனிருக்கிறார்.'

"அவளுக்கு இன்னிக்குத்தான் வலி வரணுமா?" என்றாள் லோர்னா. தோளில் குழந்தை இரைத்தது. கிரெப்ஸைக் கூப்பிட்டாள்.

"சார், ஓகில்வியைக் காயப்பட்டோர் இருக்கையில போட இந்த ஆப் விடமாட்டேங்குது."

"அவனுக்கு என்ன காயம்?"

"குழந்தை பிறக்குது. பிரசவம் காயம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பெத்தவளுக்கு. இவன் பக்கத்துல சும்மா நிக்கிறவன்."

"சும்மா நிக்கிறவன் மைதானத்துல வந்து நிக்கக் கூடாதா?"

"அப்படிக் கேளு! தூக்கிப் போட்டுட்டு வேற ஆளை எடு."

'உறுதியாக நீக்கவா?' என்று திரை கேட்டது. லோர்னா கட்டை விரலால் அமுக்கினாள். இரண்டு வினாடிகூட ஆகவில்லை. அவளை நாற்காலியிலிருந்து தூக்கக் கிரெப்ஸுக்கே ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டிருந்தது.

புதிதாக எடுத்தவன் பதினொரு புள்ளி சேர்த்தான். லோர்னா கடைசிக்கு முந்தைய இடத்துக்கு ஏறினாள். கடைசி இடம் ஸ்டக்கிக்கு. அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. அவருடைய காயப்பட்டோர் இருக்கை நிரம்பிவிட்டதாம். கால் ஒடிந்த இன்னொருவனைக் கழற்றிவிட மனம் வராமல் அணியிலேயே வைத்திருந்தாராம்.

திங்கட்கிழமை காலை டக்கர் மூன்றாம் நாற்காலிக்கு மாறினான். தாழ்வாரத்தில் நாய்களின் வரிசை நகரத் தொடங்கியது. இருபத்திரண்டு வருடத்தை ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட ஸ்டக்கி, ஐந்தாம் நாற்காலி அருகே நின்றார்.

"குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"பெண் குழந்தையாம். ஏழு பவுண்டாம்" என்றாள் லோர்னா, தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓகில்வி அடுத்த வாரம் ஆட வந்துடுவானாம். வேற யாராவது எடுக்கறதுக்குள்ள நான் எடுத்துடணும்."

பின்னால் நின்றிருந்த கிரெப்ஸுக்குக் கண் கலங்கியது.

"இப்பத்தாம்மா உனக்கு முழுசா குணமாயிருக்கு."