சுவர் நனைந்ததற்கு உங்கள் மகள் காரணமில்லை

மைசூர், விஜயநகர்

மதிப்புக்குரிய மச்சான் குப்புசாமி அவர்களுக்கு,

லிங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை மாதேவி, பையன் பிரசாந்த் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுலோசனா அக்காவும், உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் மகள், எங்கள் மருமகள் தமிழ்ப்ரியாவும், அவள் வயிற்றில் இருக்கும் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஜீவனும் சுகமாக இருக்க வேண்டும். ஹனூரில் மழை உண்டா, ராகி எப்படி என்பதையெல்லாம் வழக்கமாகப் போனில் கேட்பேன். இப்போது நீங்கள் போனை எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகையால் இந்தக் கடிதம். நடந்ததை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

தசரா முடிந்த கையோடு எங்கள் ஹால் சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே, ஈரம் கண்டது. சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம். மழையின் மிச்சம் என்று விட்டுவிட்டேன். மழை நின்றது, ஈரம் நிற்கவில்லை. பெயின்ட் உப்பி, தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ரவிக்குமார் வந்து பார்த்து, மொட்டைமாடியில்தான் விரிசல் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மாடி முழுக்க மருந்து பூசினோம். ஈரம் இன்னும் ஒரு முழம் ஏறியது. பிளம்பர் மல்லப்பனைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோடெ ஒடீபேகு சார்" என்றார். சுவரை உடைத்தே ஆகணுமாம். உடைத்தார். பக்கெட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயின் பைப் உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அதை மூடிவிட்டு, கெய்சருக்குப் போகிற பைப் பக்கம் உடைத்தார். அதுவும் காய்ந்துதான் இருந்தது. வீடெல்லாம் சிமென்ட் தூசு. சாப்பாட்டில்கூட மணல் நெறுநெறுத்தது. மாதேவி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அவள் அப்படிப் பேசாமல் இருக்கிறவள் அல்ல.

அந்தச் சமயத்தில் பிரசாந்தின் சிநேகிதன் கல்யாணத்துக்கு எல்லோரும் மேல்கோட்டை போய்த் தங்கிவிட்டு வந்தோம். வந்து பார்த்தால் சுவர் காய ஆரம்பித்திருக்கிறது. மச்சான், நஞ்சன்கூடு பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பழுது எப்போது வருகிறது என்று பார்த்தாலே எதனால் வருகிறது என்று தெரிந்துவிடும். ஆள் இருந்தால் ஈரம், ஆள் இல்லாவிட்டால் காய்ச்சல். அப்படியென்றால் எந்நேரமும் தண்ணீர் நிற்கிற பைப்பில் ஓட்டை இல்லை, திறந்தால் மட்டும் தண்ணீர் போகிற பைப்பில்தான் ஓட்டை. ஷவருக்கு ஏறுகிற பைப்! மல்லப்பனும் இருக்கலாம் என்றார். ஆனால் அங்கே ஒட்டியிருக்கிற டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது. அதனால் உடைப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஷவரை நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் ஷவரில் குளிப்பவர் யார்? நான் பக்கெட், பிரசாந்த் பக்கெட், மாதேவி ஆயுசுக்கும் சொம்புதான். ஹாஸ்டலில் இருந்து படித்த உங்கள் மகள் ஒருத்திதான் ஷவர். காலையில் டிபன் சாப்பிடும்போது, கொஞ்ச நாளைக்கு ஷவர் வேண்டாம்மா என்று சொன்னேன். சரிங்க மாமா என்றாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கெட்டுக்குக் குனிகிறது எவ்வளவு சிரமம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் சுவர் மேலேயே இருந்தது.

சுவர் காயவில்லை. என் கணக்கு தப்பாக இருக்கும் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் பிள்ளை தப்பு பண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் குளித்துவிட்டு வந்த உடனே உள்ளே போய், ஷவரின் தலையைத் தொட்டு ஈரமா என்று பார்த்தேன். திரும்பினால் வாசலில் நிற்கிறாள், துண்டை மறந்துவிட்டு எடுக்க வந்தவள். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஷவர் காய்ந்துதான் இருந்தது என்பதைக்கூட நான் சொல்லவில்லை மச்சான். ரெண்டு நாள் கழித்து, அம்மாவைப் பார்க்கணும் போலிருக்கு என்று பஸ் ஏறிவிட்டாள். நீங்கள் போனை எடுப்பதை நிறுத்தினீர்கள்.

அவள் போன பிறகும் சுவர் நனைந்தது. இனி யாரைச் சந்தேகப்பட? ஒரு மத்தியானம் பேங்குக்குப் போனவன், அங்கே சர்வர் டவுன் என்று விரட்டிவிட்டதால் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். பாத்ரூமில் ஷவர் ஓடுகிற சத்தம். வெளியில் காத்திருந்தேன். தலை நனைந்து மாதேவி வந்தாள். உள்ளே ஷவருக்கு நேர் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல்.

"கை தூக்க முடியலீங்க," என்றாள். "சொம்பு தோளுக்கு மேல போவ மாட்டேங்குது. இப்படி உக்காந்தா தண்ணி தானா தலைக்கு வருது."

நான்தான் ஷவர் வேண்டாம் என்று சொன்னேனே என்றேன்.

"நீங்க அவளத்தான சொன்னீங்க? என்னையச் சொல்லலியே."

ஏன் வலியைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பிரசவம் மைசூரிலேயே ஆகட்டும், குழந்தையைக் குளிப்பாட்ட நான் இருக்கேன் என்று அவள்தானே உங்களிடம் வாக்குக் கொடுத்தாள்? கை வராது என்று தெரிந்தால் அண்ணன் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்வார், என்னை ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நினைத்துவிடுவார் என்று பயந்தாளாம். நான் அப்போதுதான் தமிழ்ப்ரியாவைச் சந்தேகப்பட்ட கதையைச் சொன்னேன். கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "வயித்துப் புள்ளக்காரி மேலயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றாள். அன்று முழுக்கச் சாப்பாடு மட்டும் போட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, பயிற்சி பண்ணினால் மெள்ள இளகும், மாசக்கணக்கில் ஆகலாம் என்றார். சுவரில் விரலை ஊன்றிப் படிப்படியாக மேலே ஏற்ற வேண்டுமாம். மல்லப்பன் வந்து டைல்ஸை உடைத்துப் பார்த்ததில் ஷவர் பைப்பின் வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மாற்றிவிட்டார். புது டைல்ஸ் நிறம் சேரவில்லை, கறுப்புப் பசுக்கள் நடுவில் வெள்ளைக் கன்று போல நிற்கிறது. இருக்கட்டும். இப்போது ஷவர் எல்லோருக்கும் உண்டு. ஸ்டூலை நானே கழுவி வைக்கிறேன்.

குழந்தையைக் குளிப்பாட்ட மாதேவி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும், காலில் போட்டு நான் குளிப்பாட்டுகிறேன். சிரிக்காதீர்கள். தமிழ்ப்ரியா எப்போது வர மனசு வருகிறதோ அப்போது வரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நானே ஹனூர் பஸ் ஏறி வந்து, சின்னப் பிள்ளை என்று பார்க்காமல் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மலை மாதேஸ்வரன் நம் இரண்டு குடும்பத்தையும் நனையாமல் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைக்கு முன்கூட்டியே ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
லிங்கப்பன்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் தமிழ்ப்ரியா பிரசாந்துக்குப் போன் பண்ணினாள். உங்கள் போன் மாட்டுத் தொட்டியில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். அவள் உங்களிடம் எதையும் சொல்லவில்லையாம். அம்மா கையால் களி சாப்பிட ஆசைப்பட்டுத்தான் வந்தாளாம். அன்று நான் பாத்ரூமில் பல்லி தேடுகிறேன் என்று நினைத்தாளாம். ஆக, இந்தக் கடிதம் போனால்தான் உங்களுக்கு எல்லாம் தெரியும். கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். மாதேவி பிடுங்கிக் கடைசிவரை படித்தாள். அனுப்பச் சொல்கிறாள். ஆனால் ஒரு திருத்தம் போடச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நான் ஒண்ணும் மறைக்கல. தோள் வலிக்குது, காய்கறிப் பைய நீங்க தூக்குங்கன்னு மார்க்கெட்ல சொன்னேன். சிமென்ட் காயட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க."