வெள்ளத்தை நீலமாகக் காட்டிய பெட்டி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை. இது அதே காட்டில், கருக்காறு என்ற ஆற்றின் துறையில் காவல் இருந்த குருவம்மா என்னும் உடும்பின் கதை.

துறையில் ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு கரையிலும் ஒவ்வொரு திரை. ஆற்றுக்குள் இறக்கியிருந்த கருவி நீர்மட்டத்தை அளந்து சொல்லும். அதற்கேற்பத் திரையில் ஒரு பட்டை ஏறும், இறங்கும். தண்ணீர் ஆபத்தில்லாத அளவில் இருந்தால் பட்டை நீலம். விலங்குகள் தாராளமாக ஆற்றைக் கடந்து மேயப் போகலாம். தண்ணீர் பாதி அளவைத் தாண்டினால் பட்டை சிவப்பு. எல்லோரும் கரையோடு நிற்க வேண்டும். காட்டில் பலருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்துவந்தது. பெட்டியைத் துடைப்பதும், அப்டேட் வந்தால் போடுவதும் குருவம்மாவின் வேலை.

ஐப்பசி முதல் வாரம் ஓர் அப்டேட் வந்தது. குருவம்மா போட்டாள். இரண்டாம் நாள் மலையில் நல்ல மழை.

காட்டுப்பன்றி மொக்கையன் தன் கூட்டத்தோடு துறைக்கு வந்து திரையைப் பார்த்தான். பட்டை உச்சிவரை ஏறி நின்றது. நிறம் மட்டும் பளிச்சென்று நீலம். "நீலம்டா, இறங்குங்க" என்று சொல்லிவிட்டு, தலைவன் என்ற முறையில் தானே முதலில் இறங்கினான். ஆறு அவனை அரை மைல் இழுத்துக்கொண்டு போய் நாணல் புதரில் வீசியது. உயிர் தப்பியது, ஒரு கோரைப்பல் போயிற்று.

"ஏ குருவம்மா! பெட்டியை வெச்சுக்கிட்டு ஆளைக் கொல்லப் பாக்குறியா?" என்று சேறு சொட்டச் சொட்ட வந்து நின்றான் மொக்கையன். "ஒரு பல்லு போச்சு. நாளைக்கு எவன் என்னைத் தலைவன்னு மதிப்பான்?"

இத்தனை வருஷத்தில் குருவம்மாவின் பார்வையில் ஒரு குட்டி முயல்கூட நனைந்ததில்லை. "அண்ணே, எனக்கு ரெண்டு நாள் குடுங்க. என்னன்னு கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

உடும்புப் பிடி என்று சும்மா சொல்லவில்லை. சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் தேடி உருட்டி வந்தாள். அதில் தண்ணீர் நிரப்பினாள். அளவுக் கருவியைப் பிடுங்கி டிரம்முக்குள் இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. கடைசியில் விஷயம் பிடிபட்டது. பட்டை பாதித் திரைக்குக் கீழே இருக்கும்வரை நிறம் சரியாக இருக்கிறது. பாதியைத் தாண்டியதும் சிவப்பு வர வேண்டிய இடத்தில் நீலம் வருகிறது. பெட்டிக்கு அளவு சரியாகத் தெரிகிறது, நிறத்தையும் சரியாகத்தான் சொல்கிறது. படத்தைத் திரைக்குக் கொண்டு சேர்க்கிற கிராபிக்ஸ் டிரைவர்தான் வழியில் இரண்டு நிறத்தையும் மாற்றிப் போட்டுவிடுகிறது.

அந்த டிரைவர் காசு கொடுத்து வாங்கியதல்ல. பொதுப்புற்று என்று ஒரு கூட்டம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று காட்டுக்கே திறந்து வைத்திருந்தது. பிழை இருந்தால் புகார் கொடுக்கவும் ஒரு பலகை உண்டு. குருவம்மா அதில் மிகுந்த மரியாதையோடு எழுதினாள். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, டிரம்மில் எத்தனை விரற்கடை தண்ணீர் ஊற்றினால் பிழையைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஒன்று விடாமல் எழுதி, ஒரு பொய்யான சொல்கூட இல்லையே என்று மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினாள். புகார் எண் 4117 கிடைத்தது.

புகார்களைத் தரம் பிரிப்பவர் ஏகாம்பரம் என்ற கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி ஒவ்வொரு புகாரையும் மூக்கால் புரட்டுவார். ஐந்தாம் நாள் பதில் போட்டார்.

"பயனரே, என் குட்டையில் சரியாகத்தான் ஓடுகிறது."

"ஐயா, உங்க குட்டையில தண்ணி எவ்வளவு?"

"முழங்கால் அளவு."

"பாதியைத் தாண்டினாத்தான் ஐயா பிழை வரும். அதைத்தான் முதல் வரியிலயே எழுதியிருக்கேன்."

"முதல் வரியைப் படிக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஸ்கிரீன்ஷாட் இணைக்கவும்."

குருவம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். ஏகாம்பரம் பார்த்துவிட்டு எழுதினார்: "இதில் பட்டை சிவப்பாகத்தானே இருக்கிறது? என்னதான் உங்கள் குறை?"

ஸ்கிரீன்ஷாட் என்பது டிரைவருக்குப் போவதற்கு முன்னாலேயே எடுக்கப்படும் நகல். பிழை அதற்கப்புறம் அல்லவா நடக்கிறது! ஒரு குரங்கைக் கெஞ்சி, செல்போனால் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பினாள். அதில் பட்டை நீலமாக இருந்தது; மூலையில் குரங்கின் விரலும் இருந்தது.

"வெளியிலிருந்து எடுத்த படத்தை ஏற்பதற்கில்லை" என்றார் ஏகாம்பரம். "மேலும் இதே புகார் ஏழு மழைக்காலத்துக்கு முன்பே ஓர் ஆமை கொடுத்திருக்கிறது. ஆகவே உங்களுடையதை மூடுகிறேன். அங்கே போய்ப் பார்க்கவும்."

அங்கே போய்ப் பார்த்தாள். ஆமையின் புகார் ஒலி கேட்கவில்லை என்பது. நிறத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதையும் 'புகார்தாரர் முப்பது நாளில் பதில் தரவில்லை' என்று மூடியிருந்தார்கள். ஆமை பதில் தந்திருந்தது. தன் வேகத்தில் தந்திருந்தது.

வேறொரு பெண்ணாக இருந்தால் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பாள். குருவம்மா இரண்டு புகாருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாக எழுதி, 4117-ஐத் திரும்பத் திறக்க வைத்தாள். அதற்கே ஐப்பசி முடிந்துவிட்டது. ஏகாம்பரம் அதன்மேல் 'முன்னுரிமை: தாழ்வு' என்று ஒட்டினார்.

"ஐயா, உயிர் போற விஷயத்துக்குத் தாழ்வுன்னு போட்டா எப்படி?"

"பாதிக்கப்பட்டவர் ஒருவர்தானே? வேறு யாரும் புகார் தரவில்லை."

"ஆத்தோட போனவங்க எப்படிங்கய்யா புகார் தருவாங்க?"

"படிவம் எல்லோருக்கும் பொதுவானது" என்றார் ஏகாம்பரம். பிறகு கொஞ்சம் இரங்கி, "எந்தத் திருத்தத்தால் கெட்டது என்று கண்டுபிடித்துத் தந்தால், எழுதியவரிடமே அனுப்பலாம்" என்று ஒரு வழி சொன்னார்.

பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். குருவம்மா நடுவில் உள்ளதை எடுத்துப் பெட்டியில் ஓட்டினாள். டிரம்மில் கருவியை இறக்கிப் பார்த்தாள். அதில் பிழை இருந்தால் குற்றவாளி முன்பாதியில், இல்லாவிட்டால் பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கினாள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஒரு முழுப் பகல். ஒன்பது நாள், ஒன்பது தடவை. ஒன்பதாம் நாள் ஒரே ஒரு திருத்தம் மிஞ்சியது. எண் 311. தொள்ளாயிரம் வரி. மேலே தலைப்பு: 'சில்லறைச் சுத்தம்.'

எழுதியவர் சுருளாண்டி என்னும் அழுங்கு, செதில் போர்த்திய எறும்புதின்னி. டிரைவர் முழுவதற்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. கணினிக்காரர்கள் பிழையைப் பூச்சி என்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, நாள் முழுக்கத் தின்னலாம் என்று ஆசையாக வந்து சேர்ந்தவர். வந்தபிறகுதான் பூச்சிகள் நம்மைத் தின்கிற இடம் இது என்று தெரிந்தது. அதிலிருந்து யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பந்தாகச் சுருண்டுகொள்வார்.

குருவம்மா எழுதினாள்: "மதிப்புக்குரிய சுருளாண்டி ஐயா அவர்களுக்கு. உங்கள் உழைப்புக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். திருத்தம் 311-ல் ஏதோ ஒரு வரியில்..."

சுருளாண்டி சுருண்டார். ஒரு வாரம் போயிற்று. குருவம்மா நினைவூட்டினாள். இன்னும் இறுகச் சுருண்டார். மூன்று வாரம் போயிற்று.

இதற்கிடையில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பழைய பதிப்பையே போட்டு வைக்கலாம் என்று பார்த்தால், புது மழைக்கால அளவுகளை அது வாங்க மறுத்தது. பெட்டியைச் சாக்கால் மூடினாள். குரங்குகள் எடுத்துப் போர்த்திக்கொண்டன. தானே துறையில் நின்று, "இறங்காதீங்க, தண்ணி ஏறிக் கிடக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மிளா மான் கூட்டம் அவளைப் பார்த்தது, திரையைப் பார்த்தது.

"திரையே நீலம்னு சொல்லுது. இவ யாரு நடுவுல?" என்றது ஒரு மிளா.

அவள் வாலைக் குறுக்கே போட்டுப் படுத்துக் கடித்துத் தடுத்ததால்தான் அன்று யாரும் போகவில்லை. ஆனால் மிளாக்கள் சிங்கத்திடம் போய், காவல்காரி கடிக்கிறாள் என்று சொல்லிவிட்டன. இன்னொரு தடவை கடித்தால் வேலை போகும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. மேலாற்றிலிருந்தும் செய்தி வந்தது: நாளை மறுநாள் பெருவெள்ளம்.

அன்று குருவம்மா டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், புகார்ப் பலகையை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மைனா எங்கோ ஒரு மூலையில், 'அழுங்கின் உடம்பில் இருப்பது செதில் அல்ல, காய்ந்த சேறு' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தது. அதன் கீழே, எழுதிய கால்மணி நேரத்துக்குள், நான்கு பக்கத்துக்குச் சுருளாண்டியின் மறுப்பு! ஆதாரங்கள், அடிக்குறிப்புகள், குறுக்குவெட்டுப் படம்.

குருவம்மா அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வாரமாக மூச்சு விடாத மனுஷன்!

அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. செய்யத்தான் கை வரவில்லை. ஒரு விரற்கடையைக்கூட மிகைப்படுத்தி எழுதாதவள் அவள். ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் வடிந்திருந்த நாளில் கடந்துபோன மொக்கையன் கூட்டம் அக்கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் அவர்கள் இந்த வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். பல் போனதை மறந்து, பழக்க தோஷத்தில் திரையைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்.

"4117 தீர்ந்தது. நானே கண்டுபிடித்துவிட்டேன். உலகத்தில் எல்லாத் திரைக்கும் நீலம்தான் முதலில் போகும், சிவப்பு கடைசியில். இது தெரியாமல் டிரைவர் எழுதியிருக்கிறார்கள். 88-ஆம் வரியை அழித்துவிட்டால் போதும், எல்லாம் சரி. இவ்வளவு எளிய விஷயம். மூடிவிடலாம். நன்றி, வணக்கம்."

அனுப்பிவிட்டு வெட்கத்தில் டிரம்முக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"தவறு! முற்றிலும் தவறு!" சுருளாண்டி விரிந்துவிட்டார். "அம்மணி, 88-ஆம் வரியை அழித்தால் திரையே வராது. எல்லாத் திரைக்கும் நீலம் முதலில் என்று உமக்கு யார் சொன்னது?"

"அடிப்படையே தெரியாமல் மூடச் சொல்கிறார்களே!" என்று ஏகாம்பரம் இரண்டு காலையும் ஊன்றி நின்று எழுதினார். இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஆந்தை, ஒரு மரநாய், மூன்று அணில்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஆளுக்கு ஒரு விளக்கம். 88-ஆம் வரி குற்றமற்றது என்று நிரூபித்தே தீருவதென்று சுருளாண்டி எங்கிருந்தோ ஒரு தொட்டியை வரவழைத்தார். குருவம்மா எழுதியிருந்த அதே அளவில் தண்ணீர் ஊற்றினார், கருவியை இறக்கினார், தொள்ளாயிரம் வரியையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். மறுநாள் காலை வெற்றி முழக்கத்தோடு எழுதினார்:

"பாருங்கள்! 88-ஆம் வரி அல்ல. 612-ஆம் வரி! படம் பெரிதாகும்போது மட்டும் இந்த வழியாகப் போகிறது. இங்கே சிவப்பும் நீலமும் இடம் மாறிக் கிடக்கின்றன. யாரோ ஒரு கவனமில்லாத ஆள்..." அதற்கு மேல் அவர் எழுதவில்லை. 612-ஐ எழுதிய ஆளின் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

மத்தியானத்துக்குள் புதுப் பதிப்பு வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: 'நிறப் பிழை சரிசெய்யப்பட்டது. துறைக் காவல் குருவம்மா என்பவர் பரப்பிய தவறான கருத்தை முறியடித்த அனைவருக்கும் நன்றி.'

குருவம்மா இரண்டு கரைத் திரையிலும் அதை ஏற்றினாள். அடுத்த நாள் சொன்னபடி வெள்ளம் வந்தது. பட்டை பாதியைத் தாண்டியது, ரத்தச் சிவப்பாக நின்றது. அக்கரையில் மொக்கையன் காலை ஊன்றி நின்று, "சிவப்புடா! ஒருத்தனும் இறங்கக் கூடாது!" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். ஒற்றைப் பல்லோடு அவன் கம்பீரமாகத்தான் இருந்தான்.

காடு முழுக்கக் குருவம்மாவின் பெயர் பரவியிருந்தது. "நிறம்கூடத் தெரியாத உடும்பாம்" என்று அணில்கள் மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போயின. முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு மேட்டில் பன்றிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தொன்பது. எல்லாம் இருந்தன. சிரிப்பு வந்துவிட்டது.

மார்கழியில், அந்தப் புதுப் பதிப்பில் சுருளாண்டி சேர்த்திருந்த அபாய மணி ஊமையாகிவிட்டது. குருவம்மா புகார்ப் பலகையைத் திறந்தாள். 'பிழை விவரம்' என்ற கட்டத்துக்கு வந்தாள். பிறகு நிதானமாக எழுதினாள்:

"மணி பிரமாதமாக ஒலிக்கிறது. இதில் திருத்த இனி எதுவுமே இல்லை. சுருளாண்டி ஐயாவாலேயே முடியாது."

நீதி: தெரியாது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தெரியும் என்று தப்பாகச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.