ஜீப்புகள் குளித்த வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெரிய காரியம், கம்பம் ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுநர் நலச் சங்கம் 2004-இல் நிறைவேற்றிய ஏழாவது தீர்மானம்தான். அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். ஆகவே நடுநிலையோடு சொல்கிறேன்.

எங்கள் நாற்பது ஜீப்புகளும் தினமும் ஏலக்காய் எடுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறி இறங்குபவை. திரும்பும்போது கேரளத்துச் சேற்றில் பாதி எங்களோடு வந்துவிடும். அதைக் கழுவ, வியாகுலமேரி கூடலூர் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் திறந்தார். பைப்பைப் பிடித்து நாமே கழுவிக்கொள்ள வேண்டும். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் நொடித்துப்போனதில் மிஞ்சிய, மருந்தடிக்கிற மோட்டார்தான் அவருடைய மூலதனம். உடம்பெல்லாம் துரு. துருவுக்கு மேல், திராட்சைக்கு அடித்த மயில்துத்த மருந்தின் நீலம்.

சங்கம் ஓர் 'ஆய்வுக் குழு'வை அனுப்பியது. குழு என்பது நானும் ஓட்டுநர் குருசாமியும். குருசாமி பத்து நிமிடம் பீய்ச்சினார். ஜீப்பின் நிறம் பச்சை என்று தெரியவந்தது. குருசாமிக்கே அது புதுச் செய்தி.

"எப்பிடி இருக்கு?" என்றார் வியாகுலமேரி.

"வண்டி சுத்தமாயிருச்சுக்கா. ஆனா மோட்டாரப் பாத்தா சுத்தம் பண்ற மோட்டார் மாதிரி தெரியலையே" என்றார் குருசாமி.

"வண்டியப் பாருங்கய்யா, மோட்டார ஏன் பாக்குறீக? நீங்க வரலைன்னா இந்த ஜீப்புலயே ஏறி நானும் ஏலக்கா எடுக்கப் போகணும்."

'சுத்தம் திருப்திகரம், தோற்றம் திருப்தியில்லை' என்று அறிக்கை எழுதினோம். மூன்று மாதம் சேற்றோடு திரிந்து கொள்கையைக் காத்தோம். வியாகுலமேரி ஏலக்காய் எடுக்கப் போனார். எங்கள் ஜீப்பில்தான் போனார். புடவையில் சேறு படாமல் ஓரமாக உட்காரும்படி அன்போடு கேட்டுக்கொண்டோம்.

நான்காம் மாதம் அவர் மறுபடியும் கடையைத் திறந்தார். பீரோ பட்டறை ஷானவாஸ் அடித்துக் கொடுத்த மஞ்சள் தகரப் பெட்டி மோட்டாரை மூடியிருந்தது. மேலே மூன்று கலர் பல்பு. முன்னால் ஒரு பீரோக் கைப்பிடி. அதைத் திருகினால் எதுவும் ஆகாது. ஆனாலும் எங்கள் ஆட்கள் இடப்பக்கமாக மூன்று திருகு திருகிவிட்டுத்தான் பைப்பையே தொட்டார்கள்.

"அடிபொளி!" என்றார் குருசாமி. "ஜப்பான் மெஷினாக்கா?"

"பெட்டி நம்ம கம்பத்துல அடிச்சது. உள்ள அதே பழைய மோட்டார்தேன்."

தொழில் ரகசியத்தை இவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறாரே என்று வியந்துபோனோம்.

உடனே கூடினோம். நாற்பது ஜீப்பும் இனி இங்கேதான் குளிக்கும். இந்த 'நவீன எந்திரத்தை' உருவாக்கியவருக்குச் சால்வை போர்த்தப்படும். இதுவே ஏழாவது தீர்மானம்.

விழாவன்று வியாகுலமேரி நனைந்த புடவையோடு பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷானவாஸ் தேய்த்த சட்டை போட்டு, பையில் பேனா சொருகியிருந்தார். எந்திரத்தை உருவாக்கியவர் யார் என்பதில் சங்கத்துக்குச் சந்தேகமே எழவில்லை. நானே முன்சென்று ஷானவாஸுக்குச் சால்வை போர்த்தினேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயய்யோ, நான் தகரம் மட்டுந்தான் அடிச்சேன். மெஷினு மேரியக்காவோடது!"

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் குருசாமி. கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

வியாகுலமேரி பைப்பைக் கீழே போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"வயிறெரியுது செயலாளரே. அன்னைக்கும் இதே மோட்டார்தேன், இதே தண்ணிதேன். மூணு மாசம் என்னைய மலையேற விட்டீக. இன்னைக்கு நான் இங்கன நிக்கிறதே உங்க கண்ணுக்குத் தெரியல. ஷானவாஸ் தம்பிகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு பெட்டி அடிச்சு மாட்டிக்கிறவா?"

அவருடைய கோரிக்கை சங்கத்தின் பரிசீலனையில் இருக்கிறது. பெட்டி தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நிறம்தான் இன்னும் முடிவாகவில்லை.