மேக்னெட்டோவுக்கு வைத்த சந்தனம்

கச்சிராயபாளையம்,
ஐப்பசி 5

மணலூர்பேட்டை மாப்பிள்ளை காசிநாதன் அவர்களுக்கு மாமனார் அரங்கநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ராஜாம்பாளும் சுகம், டிராக்டர் மட்டும் சுகமில்லை. நீங்களும் என் மகள் செவ்வந்தியும் நலமாயிருக்க மாரியம்மன் துணை.

ஆயுத பூசைக்கு மறுநாள் வண்டி கிளம்பாமல் போனதும், பந்தியில் பத்துப் பேர் எதிரில் "மாப்பிள்ளை கைவச்சாரு, கெட்டுப்போச்சு" என்று சொன்னவன் நான்தான். பாதிச் சோற்றில் எழுந்து, செவ்வந்தியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து நான் படும் பாட்டைக் கேளுங்கள். பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து, டிரைவர் இருசப்பனை ஹேண்டில் சுற்றச் சொல்லிக் குனிந்து பார்த்தால் பொறி வரவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புது பிளக் வாங்கிவந்து போட்டேன், வரவில்லை. வயரை மாற்றினேன், அதற்கும் வரவில்லை. கடைசியில் பிளக்குக்குக் கரண்டு அனுப்புகிற மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தால், பூசைக்கு முதல் நாள் நீங்கள் தேய்த்துப் பளபளவென்று வைத்த, தொட்டுத் தொட்டு விலகுகிற இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து கட்டியாக நிற்கிறது, மேலே குங்குமம் வேறு. வெளியில் மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, வேலை செய்வது உள்ளேதானே என்று பூசையன்று மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்தவன் நானேதான். "வாணாங்க, அது கரண்டு வர்ற எடங்க" என்று இருசப்பன் அன்றைக்கே சொன்னான். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று அவனையும் அடக்கினேன்.

சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, வயர் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு "சுத்துடா" என்றேன். எருக்குழியில் போய் விழுந்தேன். பொறி வந்துவிட்டதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் அத்தை தூக்கிவிடக்கூட வரவில்லை. "பொண்ணு தலைதீபாவளிக்கு வருமா வராதான்னு தெரியல, நீ இன்னா மெசினை நோண்டிக்கினு கீற" என்கிறாள். தப்பு என்னுடையது மாப்பிள்ளை. சோறு இறங்கவில்லை எனக்கு.

ஆனால் தீபாவளிக்கு அழைப்பதற்காக இதை எழுதவில்லை. பொறி வந்தும் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. ரைஸ் மில் இஞ்சினையே அடக்கி ஓட்டுகிற உங்கள் கைக்குத்தான் அது கட்டுப்படும். கரும்புக் கொல்லை உழாமல் கிடக்கிறது. செவ்வந்தியையும் அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்.

இருவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
அரங்கநாதன்

பி.கு.: டிராக்டர் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டது. கொல்லையும் உழுதாகிவிட்டது. வண்டி கெட்டுக் கிடக்கிறது என்றால் நீங்கள் வராமல் இருக்க மாட்டீர்கள். நான் கூப்பிட்டால் வருவீர்களா என்றுதான் தெரியவில்லை.